லவ்லி என்று சொல்லிச் சிரித்த நாட்கள்

என் இருபத்து மூன்றாவது வயதில் ஒரு பெண்ணின் வேலை போகக் காரணமாக இருந்தேன். அவளை நான் திட்டவில்லை. அவளைப் பற்றி யாரிடமும் கோள் சொல்லவும் இல்லை. பாராட்டினேன். ஆங்கிலத்தில்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். கொரட்டூரில் வீடு. ரயிலேறினால் அடுத்த ஸ்டேஷன் பட்டரவாக்கம், இறங்கி நடந்தால் கம்பெனி கேட். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்கூட ஆங்கிலத்தில்தான். எங்கள் தெருவில் யாருக்காவது ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமென்றால் என் அப்பா என்னைக் கூப்பிட்டு, வந்தவர் எதிரிலேயே எழுத வைப்பார். அந்தப் பெருமை எனக்குள் நன்றாக ஊறியிருந்தது.

ஆபீசில் என்னோடு இன்னொரு டைப்பிஸ்ட் இருந்தாள். அவளும் அதே பள்ளி, எனக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவள். நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அதில் பாதி, பாராட்டு வார்த்தைகள். நைஸ், லவ்லி, மார்வலஸ், வொண்டர்ஃபுல், ஃபென்டாஸ்டிக். டீ நைஸ். மேனேஜரின் சட்டை லவ்லி. கரண்ட் போனால் மார்வலஸ். எந்த வார்த்தையை எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். நீட்டிச் சொன்ன ‘நைஸ்’ சகிக்கவில்லை என்று பொருள். கண்ணை விரித்துச் சொன்ன ‘லவ்லி’ இன்னும் மோசம். எதிரில் இருப்பவர் சந்தோஷப்பட்டுக்கொண்டே போய்விடுவார். நாங்கள் டைப்ரைட்டருக்குப் பின்னால் குனிந்து சிரிப்போம்.

அப்போது ஆபீசில் டெலிபோன் போர்டையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டு இருந்தது முன்னறையில். அங்கே தனி ஃபேன், கண்ணாடிக் கதவு, வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்க்கிற நாற்காலி. என் குரல் கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். அது எனக்குத் தெரியும், ஆனால் யாரும் சொன்னதில்லை. ஒருநாள் முதலாளி ஒரு டெலிபோன் ஆபரேட்டரை வேலைக்கு எடுத்தார். “போன்ல உன் குரலைக் கேட்டா பார்ட்டிங்க ஜலதோஷமான்னு கேக்கறாங்கம்மா, நீ லெட்டர் வேலையைப் பாரு, போதும்” என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னுடைய மேஜை பின்னறைக்குப் போனது. ஃபைல் அலமாரிக்குப் பக்கத்தில்.

புதிதாக வந்தவளுக்கு இருபது வயது. சென்னீர்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா லாரி டிரைவர். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு ஆபரேட்டர் சர்டிபிகேட் வாங்கியிருந்தாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது ஏழெட்டு வாக்கியம். ஆனால் அந்தக் குரல்! ‘குட் மார்னிங்’ என்று அவள் சொல்லும்போது, கோபமாகப் போன் செய்தவர்கூட ஒரு நிமிஷம் கோபத்தை மறந்திருப்பார். நான் அதைப் பின்னறையிலிருந்து தினமும் கேட்டேன்.

முதல் வாரம் கிளிப்பச்சைப் புடவையும் ஆரஞ்சு ரவிக்கையுமாக வந்தாள். நான் கண்ணை விரித்து, “ஓ, லவ்லி!” என்றேன். என் தோழி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவள் முகமெல்லாம் சிவந்துபோய், “தேங்க்ஸ்க்கா” என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே புடவை, அதே ரவிக்கை. அதற்கடுத்த செவ்வாயும் அதுவே.

மத்தியானம் எங்களோடுதான் சாப்பிடுவாள். ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். எங்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் அர்த்தம் போட்டுக்கொள்வாள்.

“லவ்லின்னா இன்னாக்கா?”

“நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“மார்வலஸ்?”

“அதுவும் நல்லா இருக்குதான்.”

“ஃபென்டாஸ்டிக்?”

“அதுவும் அதேதான். ரொம்பன்னு சொல்லணும்னா அதைப் போட்டுக்கலாம். எதுக்கு வேணும்னாலும் போடலாம்.”

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “எல்லாமே நல்லா கீதுதான்னா, எதுக்குக்கா இத்தினி வார்த்தை?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் சிரித்தேன். என் தோழியும் சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத விஷயம். எங்களோடு சேர்ந்து அவள் சிரித்தது.

ஒரு மாதத்துக்குள் வார்த்தைகள் போர்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ‘சார் நாட் கேம் டுடே, வொண்டர்ஃபுல்’ என்று ஒரு பார்ட்டியிடம் சொன்னாள். பெங்களூரிலிருந்து ஒருவர், அனுப்பிய வால்வுகளில் பாதி கசிகிறது என்று கத்தியிருக்கிறார். இவள் அத்தனையும் பொறுமையாகக் கேட்டு, ‘மார்வலஸ் சார், ஐ வில் டெல்’ என்றிருக்கிறாள். மேனேஜர் அவளை நிற்கவைத்துத் திட்டினார். பின்னறைக்கு வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

“நான் தப்பா சொல்ட்டனாக்கா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. “தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. அவருக்கு வயசாச்சு, புது இங்கிலீஷ் புரியல” என்றேன்.

அவள் போன பிறகு என் தோழி, “போதும்டி, பாவம்” என்றாள்.

“நாம என்ன கெட்டதா சொன்னோம்? நல்லதுதானே சொல்றோம்” என்றேன்.

இந்த இடத்தில் முதலாளியின் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆபீசில் எல்லாரும் அவரைப் பெரியம்மா என்போம். முகப்பேரில் மகன் வீட்டில் இருந்தார். தினமும் ஆபீசுக்குப் போன் செய்து மகன் சாப்பிட்டாரா என்று கேட்பார். நான் போர்டில் இருந்த காலத்தில், ‘சாப்பிட்டாருங்க’ என்று சொல்லி வைத்துவிடுவேன். புதியவள் அப்படி இல்லை. பெரியம்மாவோடு பேசுவாள். முழங்கால் வலி, வேலைக்காரி வராதது, நேற்று வைத்த குழம்பு. ஒரு காது அங்கேயும் ஒரு காது மற்ற லைன்களிலுமாக, பத்துப் பதினைந்து நிமிஷம். ‘ஆங், சொல்லும்மா’, ‘தைலம் தேச்சியா?’ என்று கண்ணாடிக் கதவு வழியாகக் குரல் கேட்கும். முதலாளிக்குக்கூட இது தெரியாது. எனக்குத் தெரியும். ஆபீஸ் நேரத்தை வீணடிக்கிறாள் என்று அதையும் அவள் கணக்கில் நான் குற்றமாகத்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் பெரியம்மா தூக்கத்திலேயே இறந்துவிட்டார். ஆபீசில் அழுதவள் இவள் ஒருத்திதான். போர்டில் உட்கார்ந்து, அழைப்பு வந்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ‘குட் மார்னிங்’ சொல்லி, வைத்ததும் மறுபடி அழுதாள்.

அடுத்த வாரம் கேன்டீன் கொட்டகையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பார்ட்டிகள் வருவதால், ஸ்டாஃப் சார்பில் ஒரு பெண் ஆங்கிலத்தில் நாலு வரி பேச வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டார்.

“எனக்குக் குரல் சரியில்லையே சார்” என்றேன். அந்தச் சொல்லை எத்தனை மாதம் வாயில் வைத்துக்கொண்டிருந்தேனோ! “ஆபரேட்டரைப் பேசச் சொல்லுங்க. பெரியம்மாவுக்கு அவள்னா ரொம்பப் பிடிக்கும்.”

“அவ இங்கிலீஷா? வேணாம்மா.”

“எழுதச் சொல்லுங்க சார். நான் பார்த்துத் திருத்தித் தரேன்.”

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். பயந்துபோனாள். “அக்கா, தமிய்ல பேசறேனே. பெரியம்மாகூட நான் தமிய்லதான பேசிகினு இருந்தேன்.”

“பம்பாய்க்காரங்களுக்குத் தமிழ் புரியாது. இங்கிலீஷ்ல பேசினாத்தான் முதலாளிக்குக் கௌரவம்” என்றேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடி. கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு முழுத்தாளை மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கை ஈரமாக இருந்திருக்க வேண்டும், ஓரத்தில் மை கலைந்திருந்தது.

படித்தேன். ‘பெரியம்மா இஸ் நோ மோர். இட் இஸ் ஃபென்டாஸ்டிக் லாஸ். ஹர் டெத் இஸ் சடன் அண்ட் மார்வலஸ். வீ ஆர் ஆல் வொண்டர்ஃபுல்லி க்ரையிங்.’ பெரியம்மாவின் சாவு அற்புதமானது, நாங்கள் எல்லாரும் பிரமாதமாக அழுகிறோம். தாள் முழுக்க இப்படித்தான். எங்களிடமிருந்து வாங்கிய அத்தனை வார்த்தைகளையும் தனக்குப் பிரியமான ஒருத்திக்காகச் செலவழித்திருந்தாள்.

சிவப்புப் பென்சில் என் கையில் இருந்தது. ஐந்து இடத்தில் அடித்து எழுதினால் போதும். என் தோழி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, ஆங்கிலத்தில், இதை விட்டுவிடாதே, திருத்து என்று மெதுவாகச் சொன்னாள். எதிரில் நின்றவளுக்கு அது புரியவில்லை. அவள் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா கீதாக்கா?”

பென்சிலைக் கீழே வைத்தேன். “எக்ஸலண்ட்” என்றேன்.

அது அவள் நோட்டில் இல்லாத வார்த்தை. அர்த்தம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். என் தோழி பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அவள் நினைத்திருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லவர்கள் பலரும் இப்படித்தான் முன்னால் போய்விடுகிறார்கள்.

கூட்டத்தில் தரையில் தொழிலாளிகள், நாற்காலியில் ஸ்டாஃப், முன்வரிசையில் முதலாளி குடும்பமும் பார்ட்டிகளும். மேஜைமேல் பெரியம்மா படம், சாமந்தி மாலை. மைக்கில் இவள் குரல் வந்ததும் கொட்டகை அடங்கிவிட்டது. முதல் வரிக்கு முதலாளி கண்ணைத் துடைத்தார். இரண்டாவது வரிக்கு நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் சிரித்தது பம்பாய் பார்ட்டியில் ஒருவர். இருமல் மாதிரி அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் அக்கவுண்ட்ஸில் இருவர். நாற்காலிக்காரர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் புரியாமல் தரையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு சாவுக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அழுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தைரியம் வந்தவள்போல் மீண்டும் படிக்க ஆரம்பித்தாள். இன்னும் சத்தமாக.

முதலாளியின் மனைவி எழுந்து வெளியே போனார். மேனேஜர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். “இன்னும் கொஞ்சம் கீது சார்” என்று இவள் சொன்னது மைக்கில் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

அரைமணி நேரத்தில் அவளையும் என்னையும் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீ திருத்தித் தரேன்னு சொன்னியேம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“என்கிட்ட காட்டவே இல்ல சார்” என்றேன்.

அந்தப் பொய்யை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. தானாக வந்தது. அவள் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். “காட்டலியா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, “காட்டல சார்” என்றாள்.

அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பினார்கள். டிபன் பாக்ஸை எடுக்கப் பின்னறைக்கு வந்தவள் என் மேஜை அருகே நின்றாள். அழவில்லை.

“அக்கா, எல்லாரும் ஏன் சிரிச்சாங்க? அதுல இன்னா தப்பு?”

என்ன சொன்னேன் தெரியுமா? “ஒண்ணுமில்ல, நைஸாதான் இருந்துச்சு” என்றேன். வேறு எதையும் சொல்ல என் வாய்க்கு அப்போது தெரியவில்லை.

போர்டும் முன்னறை நாற்காலியும் எனக்கே திரும்பி வந்தன. என் தோழி என்னோடு சாப்பிடுவதை நிறுத்தினாள். பின்னர் வேறு கம்பெனிக்குப் போனாள். அவள் கல்யாணப் பத்திரிகை கொரட்டூரில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கல்யாணமாகி, வேலையை விட்டு ஆவடிக்குப் போனேன். ஆறேழு வருஷம் ஓடிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நான் வந்த பஸ் சென்னீர்குப்பத்தில் டயர் பஞ்சராகி நின்றது. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆள் சொல்ல வேண்டும். ஹைவே ஓரத்தில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத். வாசலில் லாரி டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே ஒரு பெண் ஒருவரிடம் தெலுங்கிலும் இன்னொருவரிடம் இந்தியிலும் பேசிக்கொண்டிருந்தாள். உடம்பு பருத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். ஆளை நான் அடையாளம் காணவில்லை. குரலைக் கண்டேன்.

என் முறை வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே, நான் வரிசையில் நிற்கும்போதே அவள் கண்டுவிட்டாள் என்று புரிந்தது.

“நம்பர் சொல்லு” என்றாள். ‘அக்கா’ இல்லை. ‘ங்க’ இல்லை.

நான் நம்பரைச் சொல்லவில்லை. “அன்னிக்கு அந்தப் பேப்பரை நான் வேணும்னேதான் திருத்தாம விட்டேன்” என்றேன். இத்தனை வருஷம் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். ஒரு பூத்தில், பின்னால் நாலு டிரைவர்கள் நிற்க, அது அபத்தமாக ஒலித்தது.

“தெரியும். அன்னிக்கு சாங்காலமே எங்க தெரு டீச்சராண்ட காட்டிக் கேட்டேன். அந்தம்மா படிச்சிட்டு தலைல கை வெச்சிகினு குந்திடுச்சி.”

“பின்ன ஏன் காட்டலைன்னு சொன்ன?”

“நீ என்கூட சோறு துன்னவ. அவ்ளோ பெரிய பொய்ய நீ சொல்லுவன்னு எனுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியாத இன்னாவோ கீது, அதான் அக்கா அப்டி சொல்லுதுன்னு நெனச்சேன். அந்தளவுக்கு முட்டாளா இருந்தேன்.” பின்னால் நின்றவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி அவரைப் பக்கத்து போனுக்கு அனுப்பினாள். “இன்னா, மன்னிப்பு கேக்க வந்தியா, போன் பண்ண வந்தியா?”

“மன்னிச்சிடு” என்றேன்.

“முடியாது” என்றாள். கோபமே இல்லாமல். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வதைப் போல. “வேலை போச்சேன்னு இல்ல. அத வுடு, இப்ப நல்லாத்தான் கீறேன். சாவறதுக்கு மொத நாளு அந்தம்மா போன் பண்ணுச்சு. பேச ஒண்ணும் இல்ல கண்ணு, லைன மட்டும் கட் பண்ணாம வெச்சிரு, யாரோ கூட இருக்கற மாதிரி கீதுன்னுச்சு. ஒரு மணி நேரம் வெச்சிருந்தேன். ஊட்ல அவ்ளோ பேரு இருந்தும் அப்டி. புள்ள பேர சொல்லி, அவனுக்குத் தெரிய வேணாம், வருத்தப்படுவான்னுச்சு. செத்தப்பறம் அவராண்ட சொல்லிடணும்னு நெனச்சேன். தமிய்ல பேசறேன்னு கேட்டது அதுக்குத்தான். நீதான் இங்கிலீஷுன்ன. கடைசியில தமிய்லயே சொல்லிடலாம்னு வெச்சிருந்தேன், மைக்க புடுங்கிட்டாங்க. அப்பறம் அவராண்ட போவவே வுடல.”

ஒரு டிரைவர் நீட்டிய காசை வாங்கி எண்ணி டப்பாவில் போட்டாள்.

“உன்னால முடிஞ்சா நீ போய் சொல்லு. இப்ப நம்பர சொல்லு. ஆளுங்க நிக்கிறாங்க.”

நம்பரைச் சொன்னேன். அவளே நம்பரைப் போட்டு, லைன் கிடைத்ததும் ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

முதலாளி கம்பெனியை விற்றுவிட்டிருந்தார். முகப்பேரில் அதே வீடு. இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து போனேன். வெள்ளை வேட்டியில் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய், சிவப்புப் பென்சில், அவர் அம்மா கேட்டுக்கொண்ட அந்த ஒரு மணி நேரம். சமையலறைக் கதவருகே அவர் மனைவி வந்து நின்று கேட்டார். நடுவிலேயே உள்ளே போய்விட்டார்.

முதலாளி பேப்பரை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார்.

“இதை இப்ப எதுக்கும்மா என்கிட்ட வந்து சொல்ற?”

“உங்களுக்குத் தெரியணும்னு சார்.”

“எனக்கா, உனக்கா?” என்றார். “உன் மனசுல இருந்ததை இறக்கி வச்சிட்ட. எழுபது வயசாகப்போவுது எனக்கு. எங்கம்மா நிம்மதியா தூக்கத்துல போனாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இனிமே நான் எதை நெனைக்கறது?”

அந்தப் பெண் யார், எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து, சாமி அறைப் பக்கம் போய், கதவைச் சாத்திக்கொண்டார். நானாகவே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

சொல்லிவிட்டேன் என்று அவளிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால், அதையும் அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கத்தான் சொல்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு எத்தனையோ முறை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன். பூத்துக்கு மறுபக்கத்து ஜன்னலோரமாகத்தான் உட்காருவேன்.